வலீசி கேட்ட பாய்கள்

ஃபுனாஃபுட்டி
ஜனவரி 14

அன்புள்ள அக்கா புவகேனாவுக்கு,

கர்த்தரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். இங்கே தலைநகரில் நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். நீயும் எலியா அத்தானும் பிள்ளைகளும் சுகமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ரேடியோ டெலிபோனில் கூப்பிட்டே கேட்டிருக்கலாம். ஆனால் உன் முழங்காலைப் பற்றி எட்டுத் தீவும் காது கொடுத்துக் கேட்கும். கடிதமே மேல்.

நாங்கள் இன்னும் அவருடைய அண்ணன் வீட்டில்தான் இருக்கிறோம். மொத்தம் பதினான்கு பேர். எங்கள் அறைக்குக் கதவு கிடையாது, பூப்போட்ட திரைதான். பாராளுமன்ற உறுப்பினரின் பெண்டாட்டி உடை மாற்றக்கூட நேரம் பார்த்துக் காத்திருக்கிறாள் என்று ஊரில் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள்.

நல்ல சேதி ஒன்று. நம் தீவின் பவளப்பாறைக்கு நடுவே படகு வந்துபோகும் கால்வாயை ஆழப்படுத்தி, இரண்டு பக்கமும் விளக்குக் கம்பம் நட, ஏப்ரல் பட்ஜெட்டில் பணம் வைத்துவிட்டார்கள். பிரதமர் பக்கம் எட்டுப் பேர், எதிர்ப்பக்கம் ஏழு பேர், நடுவில் சபாநாயகர். நம்மவர் எட்டில் ஒருவர். அவர் கை உயர்ந்தால் கால்வாய் வெட்டியாயிற்று என்று வைத்துக்கொள்.

உன்னிடம் ஒரு உதவி. மே மாதத்துக்கு முன் எனக்கு ஆறு பாய்கள் வேண்டும். படுக்கிற பாய் அல்ல. பெரியவர்களுக்கு விரிக்கிற மெல்லிய பாய், ஓரத்தில் அம்மா போடுகிற அந்தச் சிவப்பு மீன்முள் பின்னலோடு. இங்கே தேவாலயப் பெண்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. உன் கை வேலைக்கு முன்னால் இங்கிருப்பவர்கள் வாயடைத்துப் போக வேண்டும்.

அம்மாவின் கல்லறைக்குப் போனால் எனக்காகவும் ஒரு பூமாலை போடு.

உன் தங்கை
வலீசி

*

நம் தீவு
பிப்ரவரி 11

அன்புத் தங்கை வலீசிக்கு,

உன் கடிதம் வந்த கப்பல் பத்து நாள் தாமதம். அதனால் உன் சுக விசாரிப்பு கொஞ்சம் பழசாகிவிட்டது, பரவாயில்லை, நாங்கள் சுகம். முழங்கால் மழைக்கு முந்தியே மழையைச் சொல்கிறது. உன் அத்தான் அதைக் கேட்டுத்தான் படகை மேலே இழுத்து வைக்கிறார்.

ஆறு பாயா! தின்ன புலாக்காக் கிழங்கு கேட்பதுபோல் கேட்கிறாய். தாழை மடல் வெட்டி, வேகவைத்து, வெளுக்கப் போட்டு, கிழித்து, பின்னி முடிக்க மூன்று மாதம் ஆகும் என்பது உனக்கு மறந்துபோயிற்றா? மறக்காது, அம்மாவிடம் நீயும் குட்டு வாங்கியவள்தானே. பெண்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிவிட்டேன். போதகரின் மனைவியிடம் மே மாதக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "அப்படியா? எனக்குச் சேதி வரலையே" என்றாள். அவளுக்கு எந்தச் சேதிதான் நேரத்துக்கு வந்திருக்கிறது.

கால்வாய்ச் சேதியை வாசித்ததும் உன் அத்தானை எழுப்பி மறுபடி வாசித்துக் காட்டினேன். போன வாரம்கூடக் கப்பலிலிருந்து சாமான் ஏற்றி வந்த படகு அலையில் பக்கவாட்டாகத் திரும்பி, அரிசி மூட்டை எல்லாம் கடலுக்குப் போயிற்று. ஆட்கள் பிழைத்தார்கள். அம்மாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அப்போது பிறந்த பேரனைப் பார்க்க உன்னிடம் வரத்தான் புறப்பட்டாள், அந்தக் கால்வாயைத் தாண்ட முடியவில்லை. அடக்கத்தன்று கூட்டமண்டபத்தில் நம் குடும்பத்துக்கென்று உள்ள தூணைத் தொட்டுக்கொண்டு உன் வீட்டுக்காரர் பெனியாமினா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "இந்தக் கால்வாய வெட்டாம நான் இந்தத் தூணுல சாய மாட்டேன்." அந்த வார்த்தைக்காகத்தான் இந்தத் தீவு அவருக்கு ஓட்டுப் போட்டது. கட்சி என்று நமக்கு என்ன இருக்கிறது? ஒருவர் கொடுத்த வார்த்தைதான் இருக்கிறது.

திரை போட்ட அறையில் குடித்தனம் நடத்துவது கஷ்டம்தான். பொறுத்துக்கொள். காய்ந்த மீன் ஒரு கூடை அனுப்புகிறேன், பதினான்கு பேருக்கும் காட்டாதே.

முத்தங்களுடன் அக்கா
புவகேனா

*

ஃபுனாஃபுட்டி
மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இறைவன் அருளால் எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, வீடே தூங்குவதில்லை. மீன் வந்தது. ஒளித்து வைத்தேன், வாசனை காட்டிக் கொடுத்துவிட்டது.

அக்கா, இது அவருக்காக எழுதுகிறேன். எதிர்ப்பக்கத்து ஆட்கள் அவரைக் குத்திக் குத்திப் பேசுகிறார்கள். "உன் தீவே உன் பின்னால் இல்லை, உனக்கு எதற்குக் கால்வாய்" என்கிறார்களாம். பணத்தை வேறு தீவுக்குத் திருப்பப் பார்க்கிறார்கள். கூட்டமண்டபத்திலிருந்து நாலு வரி வந்தால் அவர்கள் வாய் மூடும். இப்படி இருந்தால் போதும்: "எங்கள் உறுப்பினர் பெனியாமினா எடுக்கும் முடிவு எதுவானாலும் அது எங்கள் தீவின் முடிவு." வார்த்தை மாறாமல் வேண்டும் என்று அவர் சொன்னார்.

நம் தூணில் உட்கார்ந்து நம் குடும்பத்துக்காகப் பேசுகிறவர் அத்தான். அவர் எழுந்து சொன்னால் தலைவர் மலாக்கி மறுக்கமாட்டார். நீ சொன்னால் அத்தான் மறுக்கமாட்டார். எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் பாராளுமன்றக் கூட்டத்துக்கு முன் வர வேண்டும். பாய் எந்த அளவில் இருக்கிறது?

அன்புடன் உன்
வலீசி

*

நம் தீவு
மார்ச் 24

அன்புள்ள வலீசிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சுகம். உன் காரியம் முடிந்தது. ஆனால் சும்மா முடியவில்லை, கேள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியது. உன் அத்தான் எழுந்து அந்த வரியைச் சொன்னார். மலாக்கி பெரியவர் தலையைச் சொறிந்தார்.

"எலியா, 'எதுவானாலும்'னா என்னப்பா? கால்வாய்க்கு ஓட்டுப் போடுன்னு சொல்லு, கையெழுத்துப் போடறேன். எதுவானாலும்ங்கறது ரொம்ப அகலமான வலையால்ல இருக்கு."

உன் அத்தானுக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லைதான். என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் பெண்கள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். எதிர்த் தூண் லீதா, "பாருங்க, பொண்டாட்டிகிட்ட பதில் தேடறாரு" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. விரலால் அவர் முதுகில் ஒரு குத்துக் குத்தினேன்.

"அவன் எங்க வீட்டு ஆளு பெரியவரே," என்றார் உன் அத்தான். "எங்க மாமியாரைக் கூட்டிப்போக வந்து, அந்தக் கால்வாயிலேருந்து அவங்க உடம்பைத் தூக்குனவன். அவனுக்கு எங்க தூண் பொறுப்பு."

அதற்குமேல் யார் என்ன பேசுவது? ஒரு தூண் பொறுப்பு என்று சொன்ன பிறகு கேள்வி கேட்பது நம் ஊர் வழக்கமில்லை, திரும்ப வாங்கிக்கொள்வதும் வழக்கமில்லை. மலாக்கி கையெழுத்துப் போட்டார். செய்தி நேற்றே ரேடியோவில் போய்விட்டது, அசலை இந்தக் கப்பலில் அனுப்பியிருக்கிறோம்.

பாய்களும் இதே கப்பலில் வருகின்றன. ஆறு பேரும் இரவு பகலாக உட்கார்ந்ததில் மூன்று மாத வேலை இரண்டு மாதத்திலேயே முடிந்தது. என் விரல்களைப் பார்த்தால் நீ அழுவாய். ஆனால் மீன்முள் பின்னல் அம்மா போட்டதைவிட நேராக வந்திருக்கிறது, இதை அவள் கல்லறையிலும் சொல்லிவிட்டேன்.

ஓட்டெடுப்பு அன்று மண்டபத்தில் ரேடியோ வைத்துப் பன்றி வெட்டப் போகிறோம். பெனியாமினாவிடம் தொண்டையைச் சரி செய்துகொண்டு பேசச் சொல்.

உன் அக்கா
புவகேனா

*

ஃபுனாஃபுட்டி
ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். செய்தியும் பாய்களும் வந்து சேர்ந்தன. பாய்கள் மிக அழகு. எழுத நேரமில்லை.

இந்தக் கப்பலில் உனக்கு இரண்டு மூட்டை அரிசி, சர்க்கரை, டின் இறைச்சி ஒரு பெட்டி, அத்தானுக்குச் சட்டைத் துணி அனுப்பியிருக்கிறேன். மறுக்காமல் வைத்துக்கொள்.

என்மேல் எப்போதும் அன்பாக இரு அக்கா.

வலீசி

*

நம் தீவு
ஏப்ரல் 30

வலீசிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் கேட்பதற்கெல்லாம் நீ பதில் சொல்லியாக வேண்டும்.

அன்று மண்டபத்தில் இடம் இல்லை. சின்னப் பிள்ளைகள் தூண்களில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். பன்றி அடுப்பில். உன் வீட்டுக்காரர் பெயரைச் சபாநாயகர் கூப்பிட்டதும் கைதட்டல். பிறகு அவர் பேசினார். "நான் இன்னைக்கு எடம் மாறி உக்காருறேன். இந்தப் பிரதமர்மேல எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார். எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று ஒருவன் ரேடியோவைத் தட்டினான். அடுத்து அவர் வாசித்தார், நம் வரியை, ஒரு எழுத்து மாறாமல். "என் முடிவு எதுவானாலும் அது என் தீவோட முடிவு. இதோ தலைவர் கையெழுத்து. நான் யாரையும் ஏமாத்தல."

எட்டு ஏழாகி, ஏழு எட்டாகி, கால் மணி நேரத்தில் அரசாங்கம் போய்விட்டது. அதோடு பட்ஜெட்டும் கால்வாயும் போயின.

யாரும் ரேடியோவைப் பார்க்கவில்லை வலீசி. எல்லோரும் உன் அத்தானைத்தான் பார்த்தார்கள். லீதா மட்டும் வாய் திறந்தாள்: "பன்னி வெந்துருச்சு. யாருக்குப் பரிமாறணும் எலியா? மந்திரி வீட்டுச் சொந்தத்துக்கா?" யாரும் சாப்பிடவில்லை. இந்தத் தீவில் பன்றிக்கறியை நாய்க்குப் போட்டதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் உன் அத்தான் தானாகவே தூணை விட்டு எழுந்துபோய்க் கூரை ஓரத்தில், வெளியூர்க்காரர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். "வா எலியா, வந்து உக்காரு" என்று யாராவது ஒருவர் கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

பெனியாமினாவைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆண்கள் நாற்காலியைக் கண்டால் எப்படி ஆவார்கள் என்று தெரியும். உன்னைப் பற்றிக் கேட்கிறேன். அந்த வரியை எனக்கு எழுதும்போது அது எதற்கு என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்று எழுது. நான் நம்புவேன்.

புவகேனா அக்கா

*

ஃபுனாஃபுட்டி
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம். சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், படுக்குமுன் தேய்த்துக்கொள்.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். காயலைப் பார்த்த அரசாங்க வீடு. மூன்று அறை, மூன்றுக்கும் கதவு. அவர் இப்போது பொதுப்பணி மந்திரி, அதனால் வேலை அதிகம். அடுத்த வருஷ பட்ஜெட்டில் கால்வாயைக் கண்டிப்பாகப் பார்ப்பதாகச் சொன்னார், அத்தானிடம் சொல்லச் சொன்னார். இந்த வருஷம் இன்னொரு தீவின் படகுத்துறைக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்றாம்.

அரசியல் ஆண்களுடையது. அதை நம் இருவருக்கும் நடுவில் கொண்டுவர வேண்டாம் அக்கா. ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் பேசுவார்கள், ஓய்ந்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் வலீசி

*

நம் தீவு
ஜூன் 19

வலீசிக்கு,

சுகம். தைலத்தை லீதாவின் மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று கதவைப் பற்றி எழுதினாய். நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் இல்லை. கடிதத்தைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

போன கப்பலில் லீதாவின் மகள் வந்தாள். ஃபுனாஃபுட்டியில் மந்திரிகள் பதவியேற்ற விருந்தில் அவளும் பரிமாறினாளாம். வந்த அன்றே கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "பெரியம்மா, உங்க பாய்தான் அங்க விரிச்சிருந்துச்சு. புது மந்திரிங்க அதுமேலதான் உக்காந்து சாப்பிட்டாங்க. அந்த செவப்புப் பின்னலைப் பாத்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துருச்சு." பாவம், என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். அவளுடைய அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்று முதன்முறையாக, ஒன்றும் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தேவாலயக் கூட்டம் ஒன்றும் இல்லை. போதகரின் மனைவிக்குச் சேதி சரியாகத்தான் வந்திருக்கிறது.

பாய் பின்ன மூன்று மாதம் ஆகும் என்று தெரிந்தவள் நீ. ஜனவரியிலேயே கேட்டாய். அந்த ஜனவரிக் கடிதத்தில்தான் கால்வாய் வரப்போகிறது என்றும் எழுதினாய். நான் கால்வாய்க்காகப் பின்னுகிறோம் என்று ஐந்து பெண்களிடமும் சொல்லிச் சொல்லிப் பின்னினேன். இங்கே ஒரு படகு கவிழ, அங்கே நீங்கள் உட்கார்ந்து சாப்பிட, என் கையாலேயே பாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். பாய்களை அனுப்பு.

புவகேனா

*

நம் தீவு
ஜூலை 30

வலீசிக்கு,

இரண்டு கப்பல் வந்து போய்விட்டன. உன்னிடமிருந்து பாயும் இல்லை, ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அதை மட்டும் எழுது.

புவகேனா

*

ஃபுனாஃபுட்டி
ஆகஸ்ட் 21

என் அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டேன்.

தெரியும் அக்கா. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் எதிர்ப்பக்கத்து ஆட்கள் வந்து அவரோடு பேசியது எனக்குக் கேட்காமல் இருக்குமா? "உன் அக்காவிடம் சொன்னால் எலியாவிடம் போகும், எலியாவிடம் போனால் மண்டபத்துக்குப் போகும்" என்று என் வாயை அடைத்தார். அந்த நாலு வரியை எழுதச் சொன்னவர் அவர், எழுதியவள் நான். உனக்கு எப்படி எழுதினால் நீ கேட்பாய் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. ஆறு வருஷம் இன்னொருத்தி சமையலறையில் நின்றேன். அவள் முகம் சுளிக்காமல் நான் ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் குடித்ததில்லை. நீ உன் வீட்டில் இருந்துகொண்டு என்னைத் திட்டலாம்.

அம்மாவை நினைக்காத நாள் இல்லை. அவள் என்னைப் பார்க்க வரும்போதுதான் போனாள் என்று நீ எழுதாவிட்டால் எனக்குத் தெரியாதா?

செப்டம்பரில் அவர் எல்லாத் தீவுகளுக்கும் சுற்றுப்பயணம் வருகிறார். நானும் வருகிறேன். பாய்களையும் கொண்டுவருகிறேன். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் உன் மடியில் தலை வைத்து மன்னிப்புக் கேட்கிறேன், நீ அடித்தாலும் சரி. அத்தானைப் படகு அனுப்பச் சொல். நான் இறங்கி வருவேன்.

உன் தங்கை, எப்போதும்
வலீசி

*

நம் தீவு
செப்டம்பர் 17

வலீசிக்கு,

சுகம் விசாரிக்கவில்லை. கப்பல் தளத்தில் நீ நின்றதைக் கண்ணால் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய்.

நீ பார்த்ததைத்தான் எழுதுகிறேன். ஆனால் மேலிருந்து பார்ப்பது வேறு, கீழிருந்து பார்ப்பது வேறு.

படகு அனுப்பக் கூடாது என்று மண்டபத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். கூரை ஓரத்திலிருந்து உன் அத்தான்தான் பேசினார்: "கப்பல்ல வர்றவங்களுக்குப் படகு அனுப்பாத தீவுன்னு நமக்குப் பேரு வேண்டாம். நான் ஓட்டறேன்." நானும் ஏறிக்கொண்டேன். அம்மா போன பிறகு நான் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. கால்வாயில் இரண்டு முறை தண்ணீர் தலைக்கு மேலே போயிற்று. பலகையைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன், ஜெபம் வாயில் வரவில்லை.

கப்பலுக்கு அடியில் வந்ததும் உன் வீட்டுக்காரர் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"அலை பெருசா இருக்கே எலியா!"

"எப்பவும் இப்படித்தான் இருக்கும் மந்திரி ஐயா. எறங்குங்க."

"இன்னைக்குக் கஷ்டம்ப்பா. அடுத்த சுற்றுல பாத்துக்கலாம்."

கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏணியில் இறங்கினாள். கண் சரியாகத் தெரியாத கிழவர் ஒருவர் இறங்கினார். அவர்களுக்கு வீடு இந்தப் பக்கம், வேறு வழியில்லை. நான் படகில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன். "வலீசி, எறங்கு, நான் புடிச்சுக்கறேன்" என்றேன். உனக்குக் கேட்டது. நீ ஏணியைப் பார்த்தாய். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாய். அவர் உன்னைத் தடுக்கவில்லை. நீயேதான் ஓர் அடி பின்னால் போனாய்.

அப்புறம் மாலுமிகள் கயிற்றில் கட்டி அந்த மூட்டையை இறக்கினார்கள். தார்ப்பாய் போட்டு, நாலு சுற்றுச் சுற்றி, தண்ணீர் புகாமல் கட்டியிருந்தது. அந்த முடிச்சு உன்னுடையது, எனக்குத் தெரியும்.

கரையில் ஊரே நின்று பார்த்தது. கப்பல் திரும்பியதும் மலாக்கி பெரியவர், "கால்வாய் எதுக்குன்னு இப்பத்தான் அவருக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வலீசி. பிறகு அவர் உன் அத்தானின் கையைப் பிடித்து மண்டபத்துக்குக் கூட்டிப்போய்ப் பழைய தூணில் உட்கார வைத்தார். அந்த வரையில் அந்த நாள் நல்ல நாள்.

பாய்களைப் பிரித்து வெயிலில் போட்டேன். ஒன்றில் சாப்பாட்டுக் கறை இருக்கிறது, தேய்த்தால் போய்விடும். மற்றபடி ஆறும் நனையாமல் வந்து சேர்ந்தன. உன்னையும் அப்படிக் கொண்டுவந்து சேர்த்திருப்பேன். அதற்காகத்தான் வந்தேன், மன்னிப்புக்காக அல்ல.

பாய்கள் இறங்கின, நீ இறங்கவில்லை. கை தூக்கியபடியே நின்றதில் தோள் இன்னும் வலிக்கிறது.

மந்திரி வீட்டு அம்மாவுக்கு இங்கிருந்து இனி எழுத ஒன்றும் இல்லை.

எலியாவின் மனைவி
புவகேனா